தட்டின் அடிப்பக்கம்

தத்துவத் துறையில் ஒருவர் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தால் முதல் அத்தியாயத்தை யாரும் திறப்பதில்லை. நேரே நன்றிப் பக்கம்தான். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிற்று, போன வருஷம் வரை கூடவே திரிந்த காதலன் ஒரு வரியாவது மிஞ்சினானா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அறம், கடமை என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்கள்தான். அதற்காக வாய் ஊறாமல் இருக்குமா?

பெரிட் ஹெக்லண்டின் நன்றிப் பக்கம் காலியாக இருந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் எட்டு வருஷம் உட்கார்ந்து இருநூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். இன்னொருவர் 'நீ' என்று கூப்பிடாமல் யாரும் 'நான்' ஆக முடியாது என்பதுதான் அவள் நிறுவியது. நிறுவுகிற மும்முரத்தில், கூப்பிட்டவர்களிடமெல்லாம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிச் சொல்லி, கூப்பிடுகிறவர்களே இல்லாமல் போனார்கள். காதலன் கர்ட் நான்காம் வருஷமே ஒரு நிலவியல்காரியோடு ஆரிகன் போய்விட்டான். கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஊர். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஏட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு பெயராவது வேண்டும். இல்லாவிட்டால் துறையே சிரிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர்கள் சிரிப்பது நியாயம்தானோ என்பதுதான் அவளைத் தின்றது.

வழிகாட்டி லாங்லியம்மாவிடம் கேட்டாள்.

"என்னையும் கமிட்டியையும் போட்டுடு. அதுக்கு மேல நெஜ மனுஷங்க யாராச்சும் இருந்தா அவங்களையும் போடு," என்றார் அந்த அம்மா, மின்னஞ்சலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வியாழன் காலை பெரிட் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். அவளுடைய ஏட்டில் பேர் வாங்கியது மூன்றாம் அத்தியாயம். எக்ஸ் என்றொருவர் ஒய் என்பவளின் வாசலில் பெயர் சொல்லாமல் ஒரு தட்டுப் பலகாரம் வைத்துவிட்டுப் போகிறார். யாரென்றே தெரியாதவருக்கு நன்றி சொல்லும் கடமை ஒய்க்கு உண்டா? நாற்பது பக்கம். இந்தத் தொழிலில் மனிதர்களை எழுத்தாக மாற்றிவிட்டால்தான் வேலை ஓடும். ஒய் வேறு யாருமல்ல, அவளேதான். போன டிசம்பரில் பனி கொட்டிய ஒரு நாள், அவள் வாசலில் லெமன் பார் என்கிற எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் ஆறு அடுக்கிய நீலத் தட்டு இருந்தது. நின்றபடியே ஆறையும் தின்றாள். தட்டைக் காகிதத்தால் துடைத்துச் செடித்தொட்டிக்கு அடியில் வைத்தாள். எழுத உட்கார்ந்துவிட்டாள்.

'பெயர் தெரியாத எக்ஸுக்கு' என்று போட்டால் என்ன? போடுவதற்கு முன் தட்டைக் கழுவியாவது வைப்போம் என்று தொட்டியை நகர்த்தி அதைத் திருப்பினாள்.

அடியில் வெள்ளை டேப். அதில் பேனாவால்: ஆர்லீன் கோஸ்கி, வீடு 6.

அந்த ஊர்ப்பக்கத்தில் பலகாரத் தட்டின் அடியில் பெயர் ஒட்டாமல் யாரும் கொடுப்பதில்லை. சர்ச் விருந்துக்குப் போன குழந்தைக்கும் தெரியும். பக்கத்து மாநிலமான நார்த் டகோட்டாவில் பிறந்து வளர்ந்த பெரிட்டுக்குத் தெரியாதா? டிசம்பரிலேயே திருப்பிப் பார்த்திருந்தால் மூன்றாம் அத்தியாயம் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

ஆறாம் நம்பர் எதிர் வீடு. முதல் முறையாக அந்த மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தது டுவேன், கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். கையில் பெயின்ட் பிரஷ்.

"என்ன புரொபசர் மேடம், பெயின்ட் வாசனை தாங்கலியா?"

"ஆர்லீனைப் பாக்கணும்."

"ஆர்லீனா? மே மாசமே டுலூத்துக்குத் தங்கச்சி வீட்டோட போயிட்டாங்களே. மூணு மாசமா பூட்டிக் கெடக்கு. கவனிக்கலியா நீங்க?"

கவனித்திருந்தாள். எதிர் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் நின்ற பிறகுதான் முடிவுரை மளமளவென்று ஓடியது.

டுவேன் அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். "அட, இது இங்கதான் இருந்துச்சா! இந்தத் தட்டுக்காக அந்தம்மா என் உயிரை எடுத்தாங்க."

"வேணும்னு கேட்டாங்களா?"

"தட்டு யாருக்கு வேணும், வீடு நெறைய தட்டு. 'இதைத் திருப்பிக் குடுக்கவாச்சும் அந்தப் பொண்ணு வரும்ல, டுவேன்'னு பாக்கறப்பல்லாம் இதே பேச்சு. காபிக்கு ரெண்டு கப் எடுத்து வச்சிருந்தாங்க. நாந்தான் ஒண்ணைக் காலி பண்ணுவேன்."

டுவேன் உப்புத்தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் டுலூத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஏடுகளைச் சரிபார்த்து வாங்கும் ஜானெல் ஸ்கேல் வைத்துப் பக்க ஓரங்களை அளந்தாள். ஏட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவள் கவலையில்லை. நன்றிப் பக்கத்தில் மட்டும் ஸ்கேல் நின்றது. கமிட்டிக்காரர்கள் பெயருக்குக் கீழே ஒரே வரி: 'ஆர்லீன் கோஸ்கிக்கு: தட்டு என்னிடம்தான் இருக்கிறது.'

"யாரும்மா இது, சிநேகிதியா?"

"இல்ல. ஆகியிருக்கலாம்."

"வெறும் தட்டா கொண்டுபோய்க் குடுத்துடாத. எங்கம்மாவா இருந்தா வாசல்லயே மானத்தை வாங்கிடுவாங்க."

"எனக்கு எதுவும் செய்யத் தெரியாது."

"அப்ப அவங்களையே கேளு," என்று சொல்லி முத்திரை குத்தினாள் ஜானெல்.

ஆகஸ்ட் வெயிலில் வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. எட்டு வருஷ வேலை முடிந்ததைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. பெரிட் படிக்கட்டில் உட்கார்ந்து உப்புத்தாளைப் பிரித்தாள். எண்ணை அழுத்தினாள். டுலூத்தில் ஏழு முறை மணி அடித்தது.

"யாருங்க?"

அந்தக் கேள்வியைப் பற்றியே இருநூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். அதில் ஒரு வரிகூட இப்போது உதவவில்லை.

"எதிர் வீடு," என்றாள். "மினியாபொலிஸ்ல... உங்க எதிர் வீடு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"தட்டு ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல," என்றாள் பெரிட். "செடிக்கு அடியில இருந்துச்சு."