அப்ப, வாறன்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே இருக்கும் அணைக்கட்டு ஏரியைச் சுற்றி நடக்க ஒரு பலமும் தேவையில்லை. ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டே சுற்றி வரலாம் என்று வாசலில் பலகை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் முழங்காலளவு செடி மண்டிய வெறும் வெளி. ஆவணியில் கொஞ்ச நாள் ஊதாவாகப் பூக்கும், மிச்ச நாளெல்லாம் தீய்ந்துபோனதுபோலக் கிடக்கும். இங்கே நடந்து பாலேந்திரா ஒருநாளும் களைத்ததில்லை. இப்போது அந்தக் கார்த் தரிப்பிடத்துக்குள் காரைத் திருப்பவே அவருக்குப் பயம்.

பதினொரு வருடம், ஞாயிறு தவறாமல், அவரும் ஆனந்தராஜாவும் இங்கே நடந்தார்கள். இருவருக்கும் சீனி வருத்தம், ஒரே டொக்டர், ஒரே புத்திமதி. ஆனந்தராஜா ஏழு வயது மூத்தவர். முழங்கால் தேய்ந்து ஒற்றைத் தடி ஊன்றி நடப்பார். தடியின் அடி றப்பர் கழன்று வருடக்கணக்காகியும் மாற்றவில்லை. மரப்பாலத்தில் ஏறினால் டொக், டொக் என்ற சத்தத்துக்கு வாத்துகள் எல்லாம் எழும்பிப் பறக்கும். "சத்தம் போட்டு நடந்தால்தான் வருத்தம் பயந்து ஓடும்" என்பார். பாதி வழியில், எதிர்க்கரையில், இரண்டு பேர் உட்கார ஒரு மர வாங்கு. இடது பக்கம் அவர், வலது பக்கம் பாலேந்திரா, ஆளுக்கொரு கோப்பை, ஆனந்தராஜா பிளாஸ்கில் கொண்டுவரும் சீனி போடாத பிளேன்ரீ. ஊர் வம்பு முழுக்க அதில்தான் தீரும்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு காலை இருவரும் தமிழ்க் கடை வாசலில் சந்தித்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. பாலேந்திராவின் கையில் சீலா மீன் பை. மனமெல்லாம் சோற்றிலும் சோற்றுக்குப் பிறகான நித்திரையிலும் இருந்தது.

"ஒரு மணிக்கு ஏரியடி, என்ன பாலா?" என்றார் ஆனந்தராஜா.

"மழைக்குணமாக் கிடக்கண்ணை."

"தூறல்தானே. நான் வெள்ளெனத் தொடங்குவன். வாங்கில சந்திப்பம்."

"சரி அண்ணை, அப்ப வாறன்" என்று பாலேந்திரா காரில் ஏறினார்.

எங்கள் ஆட்களிடம் இதுதான் கரைச்சல். போகும்போது 'போறன்' என்று சொல்ல வாய் வராது. அது செத்தவீட்டுச் சொல். போகிறவனும் 'வாறன்' என்கிறான், வருகிறவனும் 'வாறன்' என்கிறான். பாலேந்திரா சொன்னது போகிற வாறன். ஆனந்தராஜா கேட்டது வருகிற வாறன். எப்படியும் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு இடக்குமுடக்கில்லை என்று சொல்லும்போதே பாலேந்திரா நினைத்தார். அந்த நினைப்புத்தான் இன்றுவரை அவரைத் தின்கிறது.

மூன்று மணிக்கு, பாலேந்திரா வீட்டில் நித்திரையில் இருந்தபோது, நாயோடு நடக்க வந்த ஒரு டெனிஷ் மனுசி ஆனந்தராஜாவை அந்த வாங்கில் கண்டாள். மாரடைப்பு. போனை வீட்டில் வைத்துவிட்டு நடப்பது அவர் வழக்கம். அந்தக் குளிரில் ஏன் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்தார் என்று செத்தவீட்டில் எல்லாரும் கேட்டார்கள். பாலேந்திரா வாயே திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த ஞாயிறு அவர் தனியே நடக்கப் போனார். மழை விடாமல் பெய்தது. பாலத்தை நெருங்கும்போது முன்னால், வளைவுக்கு அந்தப் பக்கம், டொக், டொக். ஓடிப்போய்ப் பார்த்தார். ஆளில்லை. வாத்துகள் எழும்பிப் பறந்துகொண்டிருந்தன. எதிர்க்கரைக்குப் போனால் வாங்கு முழுக்க நனைந்திருந்தது, இடது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிற அகலத்தைத் தவிர. அந்த இடத்தில் மட்டும் மரம் காய்ந்துபோய்க் கிடந்தது. பாலேந்திரா வந்த வழியே ஓடினார்.

அதோடு நடை நின்றது, சீனி ஏறியது. "கை வீசிக்கொண்டு நடக்கிற பாதை. அதுக்கும் பஞ்சி" என்று மனைவி அஜந்தினி ஏசினாள். சோம்பல் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பங்குனியில் ஆனந்தராஜாவின் மனைவி சரோஜினிதேவி போன் எடுத்தார்.

"தம்பி, என்னை ஒருக்கா அந்த வாங்கடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

மறுக்க ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது வெளியில் சொல்லக்கூடியதல்ல.

அன்று மழையில்லை. சரோஜினிதேவி ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தார். பாலத்துக்குக் கிட்ட வந்ததும் முன்னால் அதே சத்தம். பாலேந்திரா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் கழுத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாங்கடிக்கு வந்தும் இருவரும் அதில் உட்காரவில்லை.

"அக்கா, அவர் எனக்காகத்தான் இதில இருந்தவர்" என்றார் பாலேந்திரா. "வாறன் எண்டு சொன்னனான். வரேல்லை."

சரோஜினிதேவி பையிலிருந்து பிளாஸ்கையும் இரண்டு கோப்பைகளையும் எடுத்து வாங்கில் வைத்தார்.

"தெரியும், தம்பி. தனிய நடக்கிற நாளில ஒரு கோப்பைதான் கொண்டுபோவார். பொலிஸ் தந்த பையில ரெண்டு கிடந்தது. ஒண்டில தேத்தண்ணிக் கறை, மற்றது கழுவினபடியே." பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "நாலு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தன், எப்ப வந்து சொல்லுவீங்கள் எண்டு."

அந்தக் குரலில் கோபமில்லை. ஏசியிருந்தால் பாலேந்திராவுக்குச் சுகமாக இருந்திருக்கும். வெட்கம் கெட்டு அழுதார். சரோஜினிதேவி கறையில்லாத கோப்பையில் தேநீரை ஊற்றி நீட்டினார்.

"குடியுங்கோ. உங்களுக்கெண்டு அவர் கொண்டுவந்த கோப்பை."

பாலேந்திரா குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் பையில் போட்டார்.

"அவருக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ. இந்தமுறை சரியாச் சொல்லுங்கோ" என்று முன்னே நடந்தார்.

என்ன சொல்ல வேண்டும் என்று பாலேந்திராவுக்குத் தெரியும். 'போறன்' என்ற அந்த ஒரு சொல். மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். கை கூப்பி வாங்கின் இடது பக்கத்தைப் பார்த்தார்.

"அண்ணை," என்றார். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம் நாக்கில் குந்தியிருந்தது. "அப்ப, வாறன்."

நாக்கைக் கடித்துக்கொண்டார். சொல் போய்விட்டது. ஏரியைப் பார்க்காமல் விறுவிறென்று நடந்து சரோஜினிதேவியை எட்டிப் பிடித்தார்.

இதுவரை முன்னால் கேட்ட சத்தம் இப்போது பின்னால் கேட்டது. டொக். டொக். பத்தடிகூட இருக்காது. பாலேந்திரா இன்னும் வேகமாகக் காலை எட்டி வைத்தார். சரோஜினிதேவி அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவா நடவுங்கோ, தம்பி" என்றார். "அவருக்கு முழங்கால் ஏலாதெல்லே."