தக்காளிக்கு எவ்வளவு வெளிச்சம்

எதிர்வீட்டுக்காரர் மூன்றாவது மாடி எடுத்ததிலிருந்து இவர்கள் வீட்டுக்கு வெயில் வருவது நின்றுபோனது. பால்கனித் தொட்டியில் இருந்த தக்காளிச் செடி கொஞ்ச நாள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு மனம் வெறுத்துச் சாய்ந்துவிட்டது.

அதை வளர்த்தவள் அவ்வளவு சுலபத்தில் சாய்கிறவள் இல்லை. காது கேட்கும் கருவி விற்கிற கடையில் காது சோதிக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஒரே வாக்கியத்தைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியவள். "வெயில் இல்லாட்டி என்ன, வீட்டுக்குள்ளயே வளக்கலாம்" என்று கணவரிடம் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னாள், முகத்தை நேருக்கு நேர் வைத்து, உதடு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்று சொல்ல எந்த மனிதனுக்கும் துணிவு வராது.

வீட்டுக்குள் செடி வளர்க்கும் கூடாரம் ஒன்று வந்தது. துணி அலமாரி உயரம். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளித்தாள் மாதிரி மினுமினுப்பு, முன்னால் ஜிப். கூட வேலை செய்கிற ஒருத்தி ஆசையாக வாங்கி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. பின் அறையில் இஸ்திரி மேஜையை ஓரங்கட்டிவிட்டு அதை நிறுத்தினார்கள். ஜிப்பைத் திறந்து தலையை உள்ளே விட்ட கணவர் நெடுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது வாயெல்லாம் பல்.

"இது ஒரு குட்டி மேடை" என்றார்.

அவர் நாடகங்களுக்கு விளக்கு அமைக்கிறவர். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் லைட்காரர்தான். அழுகிற நடிகைக்கு எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால் பார்க்கிறவர்களும் சேர்ந்து அழுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. வெளிச்ச விஷயத்தில் அவர் முன்னால் யாரும் வாய் திறந்ததில்லை.

"விதை, மண்ணு, தண்ணி எல்லாம் உன் பாடு. லைட் என் பாடு. அதுல மட்டும் நீ தலையிடாத."

"போதுமான வெளிச்சம் இருந்தா சரி" என்றாள் மனைவி.

"போதுமான" என்ற சொல் லைட்காரரைச் சுருக்கென்று தைத்தது. கலைஞனிடம் யாராவது போதுமானதைக் கேட்பார்களா?

தன் பழைய ஸ்பாட் லைட் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினார். முன்னால் ஆரஞ்சு நிற ஜெலட்டின் தாளைச் செருகி, டிம்மரை வைத்துப் பாதிக்கும் கீழே அடக்கி, கூடாரத்தின் பக்கவாட்டில் கட்டினார். நாற்றுகள் தலைதூக்கிய வேளையில் உள்ளே அந்திமாலையே இறங்கியிருந்தது. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு பொன் விளிம்பு. பின்னால் நீண்ட நிழல். லைட்காரர் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்பார். மனைவிக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஆனால் நாற்றுகள் வளர்ந்த விதம் சரியில்லை. நூலாக நீண்டன. இலை என்று பேருக்கு இரண்டு. அத்தனையும் விளக்கு இருந்த பக்கமாகவே சாய்ந்து நின்றன, வசனம் மறந்துபோய்த் திரைக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்கிற நடிகர்கள் மாதிரி.

"ஏங்க, இதுங்க நிக்க முடியாம நிக்குது."

"நளினமா வளருது. உனக்கு நளினம் புரியல."

விஷயம் அவளுடைய அண்ணன் காதுக்குப் போனது. அண்ணன் வண்ணமீன் கடை வைத்திருப்பவர். கண்ணாடித் தொட்டிகள், கூழாங்கற்கள், மீன் உணவு, தொட்டி விளக்குகள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இங்கே ஒரு தொட்டி வைக்கலாமே என்று மூலையை அளந்துகொண்டே வருகிறவர். வந்தார். கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. இது மனுசன் பாக்கறதுக்கான லைட்டு. செடி என்ன டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கா?"

"பின்ன உங்க லைட்டு மட்டும்? மீன் பாக்கறதுக்கா?"

"என் தொட்டியில பாசி எப்படி வளருதுன்னு வந்து பாருங்க. வாரா வாரம் சுரண்டி மாளல."

பாசி வளர்ந்தால் தக்காளி வளராதா என்பது மச்சானின் வாதம். மறுநாளே நீல வெளிச்சம் தரும் ஒரு நீள விளக்கைக் கொண்டுவந்து கூரையில் கட்டினார். ஸ்பாட் லைட் அவிழ்த்து வைக்கப்பட்டது. லைட்காரர் முகம் சுண்டிப்போய்க் கதவோரம் நின்று பார்த்தார். அந்த வெளிச்சத்தில் பச்சை இலை எல்லாம் ஈயப் பாத்திர நிறமாகத் தெரிந்தது. "ஆஸ்பத்திரிக் காட்சிக்குக்கூட நான் இவ்வளவு மோசமா போட்டதில்ல" என்று முணுமுணுத்தார்.

செடிகள் சாய்வதை நிறுத்திக்கொண்டன. வளர்வதையும் நிறுத்திக்கொண்டன. குட்டையாக, கன்னங்கரேலென்று, கோபித்துக்கொண்ட பிள்ளைகளைப் போல அப்படியே உட்கார்ந்திருந்தன. மேலே தொங்கிய விளக்குக்கும் கீழே இருந்த தொட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரலாம். மீன் தொட்டிக்குச் செய்த விளக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. மச்சான் அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. "வேர் ஓடுது. வெளிய தெரியாது" என்றார்.

இதற்குள் நாடகம் ஒன்று அரங்கேறும் நாள் நெருங்கியது. இயக்குநர் நிலவொளி கேட்டு உயிரை எடுத்தார். லைட்காரர் போட்டுக் காட்டிய நிலவுகளில் ஒன்றும் அவருக்கு ஒத்துவரவில்லை. வேறு வழியில்லாமல், மனைவியிடம் சொல்லிவிட்டு, மச்சானுடைய நீல விளக்கை அவிழ்த்துப் போய் மேடையில் கட்டினார். இயக்குநர் மெய்ம்மறந்து போனார். அரங்கேற்றத்துக்கு வந்திருந்த மச்சான் இடைவேளையில் தன் வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும், "நிலா நம்ம கடை சரக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். லைட்காரர் அதையும் சகித்துக்கொண்டார். நாடகம் முடிந்து விளக்கு வீடு திரும்பியபோது, இருவருக்கும் கொஞ்சம் இணக்கம் வந்திருந்தது.

அந்த இணக்கம்தான் ஆபத்தாகப் போனது.

"ரெண்டையும் சேத்துப் போட்டா என்ன மாப்ள?"

"ஃபுல்லா?"

"ஃபுல்லா."

ஞாயிற்றுக்கிழமை மனைவி வெளியே போயிருந்தாள். ஜெலட்டினைக் கழற்றி, டிம்மரை முழுதாகத் திருப்பி, ஸ்பாட் லைட்டை உச்சியில் கட்டினார்கள். பக்கத்தில் நீல விளக்கு. ஜிப்பை இழுத்து மூடினார்கள். கூடாரத்தின் தையல் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக வெளியே குத்தியது. வெற்றி பெற்ற களைப்பில் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து மேடை நிலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன வேகுது?"

ஜிப்பைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வந்து முகத்தில் அடித்தது. நுனியில் இருந்த இலைகள் வெளுத்துப்போய்த் தாளாகச் சுருண்டிருந்தன. அவள் இரண்டு விளக்கையும் அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். திட்டவில்லை. கடையில், கருவியைக் காதில் தலைகீழாக மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க."

இருவரும் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்தார்கள்.

"நீங்க கலரைப் பாக்கறீங்க. அண்ணா பாசியைப் பாக்கறாரு. இலை மேல எவ்வளவு விழுதுன்னு யாராவது பாத்தீங்களா? என் வேலையில மிஷின் எவ்வளவு சத்தம் போடுதுங்கறது முக்கியமில்ல. காதுக்குள்ள எவ்வளவு போகுது, அதுதான் முக்கியம். கம்மியா போனா கேக்காது. கூடிப்போனா வலிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அதைத் தேடணும்."

"எப்படித் தேடறது?" என்றார் அண்ணன், தன்னையறியாமல் பணிவாக.

"கடையில சத்தத்தைக் கொஞ்சமா ஆரம்பிச்சு கூட்டிக்கிட்டே போவோம். கேட்டா கையைத் தூக்குவாங்க. செடிக்கும் கை இருக்கு."

அவளே போய் வாங்கிவந்தது வெள்ளை வெளிச்சம் தரும் ஒரு தட்டையான எல்.இ.டி. பேனல். கூடாரத்தின் அகலத்துக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. சூடு அதிகம் இல்லை. கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஏற்றி இறக்க இரண்டு கயிறு. போட்டுப் பார்த்த லைட்காரருக்கு அழுகை வராத குறை. நிழல் இல்லை, விளிம்பு இல்லை, ஒரு சோகம், ஒரு ரகசியம், ஒன்றும் இல்லை.

"வரி கட்டற ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றார்.

"தக்காளி வரி கட்டட்டும்" என்றாள்.

பிழைத்த நாற்றுகளோடு புது நாற்றுகளும் சேர்ந்தன. அவள் சில நாளுக்கு ஒருமுறை திருகைக் கொஞ்சம் கூட்டுவாள், இலையைப் பார்ப்பாள். தண்டு தடித்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் மேல் இலைகள் ஓரம் மடங்கி நிமிர்ந்து நின்றன. "கையைத் தூக்கியாச்சு" என்று சொல்லிக் கயிற்றை இழுத்து விளக்கை ஒரு சாண் ஏற்றிக் கட்டினாள். மறுநாள் இலைகள் விரிந்து படிந்தன. படுக்கப் போகும் முன் விளக்கை அணைத்துவிடுவாள். காதுக்கு ஓய்வு வேண்டும் என்றால் இலைக்கும் வேண்டும் என்பது அவள் கட்சி.

லைட்காரர் சில நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு, வேலைக்குக் கொண்டுபோகிற ஒளிமானியை ஏதோ சோதிப்பவர்போல எடுத்துக்கொண்டு போய், தொட்டி தொட்டியாகப் பிடித்துப் பார்த்தார். நடுவில் நிறைய, மூலையில் பாதிகூட இல்லை.

"மூலையில நிக்கறவங்களுக்கு நீ ஒண்ணுமே குடுக்கல" என்றார், கொஞ்சம் ஏளனமாகத்தான்.

அவள் கோபப்படவில்லை. "அப்படியா? என்ன செய்யலாம்?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்டுவிட்டால் மனிதர் என்ன செய்வார்? தொங்கிப்போயிருந்த வெள்ளித் துணிச் சுவர்களை மேடைத் திரையை இழுப்பதுபோல விறைப்பாக இழுத்துக் கட்டினார். உயரமான செடியை ஓரத்துக்கும் குட்டையானதை நடுவுக்கும் மாற்றினார். தினமும் தொட்டிகளைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். "கூட்டக் காட்சியில பின்வரிசை முகமும் தெரியணும்" என்று யாரும் கேட்காமலே விளக்கினார். மூலைச் செடிகளும் மற்றவற்றை எட்டிப்பிடித்தன.

பூ வந்தது. மஞ்சள் மஞ்சளாக, கொத்துக் கொத்தாக. வந்த வேகத்தில் ஒவ்வொன்றாக உதிரவும் ஆரம்பித்தது. வெளிச்சம் போதவில்லை என்றார் மச்சான். வெளிச்சத்தில் குறையே இல்லை என்று லைட்காரர் அந்தப் பேனலுக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார். மனைவி ஓர் உதிர்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"வெளிச்சம் சரியாத்தான் இருக்கு. உள்ள காத்தும் இல்ல, வண்டும் இல்ல. இதுங்களை யாரு ஆட்டிவிடுவா?"

மறுநாள் மாலை கடையிலிருந்து ஒரு இசைக்கவையை எடுத்து வந்தாள். தட்டினால் ரீங்காரமிடும் இரண்டு கால் இரும்பு. அந்தக் கடையில் அதைக் காதருகே பிடித்துக் கேட்கிறதா என்பார்கள். அவள் அதை முழங்கையில் தட்டி, ஒரு பூக்காம்பில் மெல்ல ஒட்டினாள். பூ வண்டு வந்து உட்கார்ந்ததைப் போல நடுங்கியது. உள்ளிருந்து மஞ்சள் பொடி புகைபோலக் கொட்டியது. பேனலின் வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொரு துகளும் தெரிந்தது.

"பாரு, அந்தப் பொடியில மட்டும் ஒரு சைடு லைட் விழுந்தா..." என்று லைட்காரர் ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க மாப்ள" என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி.

அவள் அடுத்த பூவுக்குப் போனாள். ஆண்கள் இருவரும் ஜிப் வாசலில் தோளோடு தோள் குனிந்து நின்று, மூச்சு விடாமல் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொத்தில் ஒரு பூகூட உதிரவில்லை.