ஸ்டிக்கர் பிரிக்காத அடுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. வங்கி மேலாளர் தம் புது வீட்டை விருந்தினருக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். குடிவந்த ஆறு மாதத்தில் இது எத்தனையாவது ஊர்வலம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. இன்று மாட்டிக்கொண்டவர்கள் அவரிடம் வேலை பார்க்கும் காசாளரும் அவர் மனைவியும். மேலாளர் வீட்டை மெச்சாமல் திரும்பிப் போக அந்தக் காசாளருக்கு என்ன பைத்தியமா?

“அண்ணாந்து பாருங்க. ரெண்டு மாடி உயரத்துக்கு ஹால். இந்த ஏரியாவுல வேற யார்கிட்டயும் கிடையாது.”

அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியில் ஒரு சரவிளக்கு தொங்கியது. அதில் பாதி பல்புகள் போய் மூன்று மாதமாகிறது. மாற்றலாம் என்றால் அவ்வளவு உயரத்துக்கு எட்டும் ஏணி யாரிடமும் இல்லை. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்தால் முதுகு வெந்துவிடும். ஏசி பாவம், தன்னால் முடிந்தவரை கத்திவிட்டு ஓய்ந்துபோகும். விடுமுறை நாள்களில் மேலாளர் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார். வீட்டிலேயே வெக்கை இல்லாத இடம் அது ஒன்றுதான். ஊர்வலம் அந்தப் பக்கம் மட்டும் போகாது.

“இப்ப வாங்க, கிச்சன்!”

ஹாலை ஒட்டியே திறந்தாற்போல் இருந்தது சமையலறை. வழுவழுவென்று வெள்ளைக் கல் மேடை, அகலமான ஜன்னல், நான்கு பர்னர் அடுப்பு. அடுப்பின் கண்ணாடியில் கம்பெனிக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

“பாத்தீங்களா? ஆறு மாசம் ஆச்சு, ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல. அப்படிப் பாத்துக்கறோம்!” என்றார் மேலாளர். வெட்கப்பட வேண்டியதைப் பீற்றிக்கொள்வதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும். அவருக்கு அது நிறையவே இருந்தது.

காசாளரின் மனைவிக்குத் தொண்டை வறண்டிருந்தது. அங்கிருந்த குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

“அதுல தண்ணி வராதும்மா,” என்று மேலாளர் பதறினார். “தண்ணி பட்டா கல்லுல உப்புக் கறை படியும். கனெக்‌ஷனே கொடுக்கல. இருங்க, கொண்டுவரச் சொல்றேன்.” சுவர்ப் பக்கம் திரும்பி, “இந்தா, ரெண்டு டம்ளர் தண்ணி!” என்று குரல் கொடுத்தார்.

அது சுவர் இல்லை, சுவரின் நிறத்திலேயே வர்ணம் அடித்த ஒரு கதவு. அதற்குப் பின்னால் நான்கடி அகலம், ஆறடி நீளத்தில் ஓர் அறை. சாமான் அடுக்குவதற்காக வரைந்த அறை என்பதால் ஜன்னல் கிடையாது. அங்கேதான் மேலாளரின் மனைவி மூன்று வேளையும் சமைத்தாள். வீட்டுக்கு வரைபடம் போட்ட பெண் அன்றைக்கே, “சார், ஸ்டோர் ரூம்ல அடுப்பு வைக்காதீங்க. காத்து போக வழியே இல்ல,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு மணி நேரச் சமையலுக்குக் காத்து எதுக்கு?” என்று கேட்டு அவள் வாயை அடைத்தவர் இவர். அடுப்புப் பக்கம் பத்து நிமிடம் நின்றிராத மனிதர்தானே, கேட்கத்தான் செய்வார்.

கதவு திறந்தது. மிளகாய் வதக்கிய நெடியும் புகையும் முதலில் வெளியே வந்தன. பின்னாலேயே மனைவி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. தட்டில் இருந்த டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் முந்திக்கொண்டது. இருமல் நிற்பதற்குள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. தண்ணீரோடு அப்படியே தரையில் சரிந்தாள்.

காசாளரின் மனைவி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். மேலாளரும் ஓடினார். ஆனால் புகை ஹாலுக்குள் வந்துவிடாமல் முதலில் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஓடினார்.

மருத்துவமனையில் முகமூடி மாட்டி மருந்தைப் புகையாக இழுக்கவைத்த பிறகு மூச்சு கொஞ்சம் அடங்கியது. மருத்துவர் கேட்டார்: “வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?”

“சேச்சே!”

“அப்ப விறகடுப்பா?”

மேலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். “டாக்டர், எங்க கிச்சன் இது. எவ்வளவு பெரிய ஜன்னல் பாருங்க.”

மருத்துவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இவ்வளவு காத்தோட்டமா இருக்கே. இங்க சமைக்கிறவங்களுக்கா இந்த நிலைமை?”

மனைவி முகமூடியைத் தானே விலக்கினாள். “அது காட்டுறதுக்கு டாக்டர். சமைக்கிறது பின்னாடி, ஸ்டோர் ரூம்ல.”

மருத்துவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “இன்னும் ஒரு வருஷம் அங்கேயே சமைச்சாங்கன்னா, இந்த நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. மருந்து நான் எழுதறேன் சார். அடுப்ப நீங்கதான் மாத்தணும்.” மேலாளர் முகத்தில் அசடு வழிந்தது.

வழிந்த அசடு வீடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வழியிலேயே அவருக்கு யோசனை பிறந்துவிட்டது. “ஸ்டோர் ரூம் கதவ லேசாத் திறந்து வச்சுக்கோ. விருந்தாளி வர்றப்ப மட்டும் சாத்திக்கலாம்.”

அவள் வீட்டுக்குள் வந்ததும் நேரே வெள்ளைக் கல் மேடைக்குப் போனாள். அடுப்பிலிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

“ஏய், என்ன பண்ற? கல்லுல எண்ணெய் படும். கறை போகாது!”

அவள் திரும்பினாள். இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அவர் பார்த்திராத முகம் அது.

“என் நெஞ்சுக்குள்ள படிஞ்ச கறை எப்படிங்க போகும்? நாலு எட்டு வச்சா ஜன்னல் இருக்கு. ஆறு மாசமா நான் மூச்சு முட்டிச் சாகறேன், நீங்க கல்லத் துடைச்சுக்கிட்டு இருக்கீங்க. பாத்துட்டுப் போறவங்க அரை மணி நேரம் இருப்பாங்க. நான் இங்கதான் சாகற வரைக்கும் இருக்கணும். வீடு யாருக்குங்க கட்டினீங்க?”

மேலாளர் தாம் சாத்திவிட்டுப் போன அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு அவள் பாதி கிழித்திருந்த ஸ்டிக்கரின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். மறுநாளே ஆள் வந்து அந்தக் குழாய்க்குத் தண்ணீர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்படி ஒரு சின்ன விஷயம் உறைக்க ஒரு பெண் தரையில் விழ வேண்டியிருந்தது. என்ன செய்வது, சிலருடைய புத்திக்கும் ஜன்னல் வைக்காமல்தான் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் வீடு பார்க்க வந்தார். அகல ஜன்னல் திறந்திருந்தது. அடுப்பில் ஏதோ கொதித்தது. மனைவி நன்றாக மூச்சு விட்டபடி நின்று கிளறிக்கொண்டிருந்தாள். நண்பர் மேடையைத் தடவிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“என்ன சார், இவ்வளவு நல்ல கல்லுல இப்படிக் கறையா இருக்கே?”

மேலாளர் மனைவியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “இருக்கட்டும் சார். வீடு வாழறதுக்குத்தான், காட்டுறதுக்கு இல்ல. இந்த வீட்டுல ஆளுங்க இருக்கோம், அதான் கறை.”