நல்லா இருக்கேன்

யார் நலம் விசாரித்தாலும் "நல்லா இருக்கேன், நீங்க சாப்டீங்களா?" என்று சொல்ல ஜெஸ்டினுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவன் மனைவி ஜோவிதாதான்.

உப்பளம் சாலையில் கம்பெனி வேன் ஒன்று அவன் வண்டியைத் தூக்கியடித்து, தலையில் அறுவை செய்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தபோது அவனிடம் மிஞ்சிய சொற்கள் கொஞ்சம். எது எப்போது வாயில் வரும் என்று அவனுக்கே தெரியாது. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்கள் முன்னால் அவன் திணறுவதையும், அவர்கள் முகத்தில் சட்டென்று வந்து உட்காரும் 'ஐயோ பாவ'த்தையும் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டில் உட்காரவைத்து, பிள்ளைக்குச் செபம் சொல்லித்தருவதுபோல அந்த ஒரு வரியைச் சொல்லவைத்தாள். பிடித்துக்கொண்டான். "ஜெஸ்டினு தேறிட்டாம்பா" என்றார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை கோர்ட்டு வரைக்கும் கூடவே வரும் என்று அவள் நினைக்கவில்லை.

விபத்து வழக்கைச் சமரசமாக முடிக்க மக்கள் நீதிமன்றத்துக்கு அழைத்திருந்தார்கள். அவளுடைய வக்கீல் செம்மல் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், குடுக்கறத வாங்கிட்டுப் போயிடலாம். உள்ள வம்பு பண்ணாதீங்க."

"சிஸ்டர்னு கூப்டாதீங்க சார். மடத்துலேர்ந்து வந்துருக்கேன்னு நெனச்சிக்கப் போறாங்க."

"சரி, மேடம். கையெழுத்துப் போட்டா சீக்கிரமே செக் வந்துடும். கேஸு திரும்ப ட்ரிபியூனல் விசாரணைக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும்."

"போட்டா அதோட முடிஞ்சிது, இல்ல? அப்பறம் வந்து கேக்க முடியாது."

"முடியாது."

"ஆஸ்பத்திரி செலவும், வேலைக்குப் போவாத நாள் சம்பளமும் தர்றாங்க. அவருக்கு இன்னும் நாப்பது ஆவல சார். மீதி வயசு முழுக்க யாரு பாத்துக்கறது?"

அவர் அவளையே பார்த்தார். பொண்டாட்டி நீ எதற்கு இருக்கிறாய் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, இப்படிப் பார்ப்பார்கள். நேரு வீதி ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை அவள் விட்டுவிட்டாள். தனியாக விட்டால் அவன் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறப்பான். வாசலைத் தாண்டினால் வீடு திரும்பத் தெரியாது. மனைவி பார்த்துக்கொண்டால் அது செலவாகாதாம். காசு கொடுத்து ஆள் வைத்தால்தான் செலவாம்.

உள்ளே மேசைக்கு நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் ஹரிகிருஷ்ணன் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"வாங்க ஜெஸ்டின், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். நீங்க சாப்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதியும்தான். ஹரிகிருஷ்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"பாருங்கய்யா, நம்மளயே விசாரிக்கறாரு. ஏ.சி. மெக்கானிக்கு. கைகால் திடமா இருக்குது. ஆயுசுக்கும் ஆள் வெச்சுப் பாத்துக்க செலவு கேக்கறாங்க. இவருக்கு எதுக்குங்க ஆளு?"

ஜெஸ்டின் திரும்பி அவளைப் பார்த்தான். சரியாகச் சொல்லிவிட்டேனா என்ற பார்வை. அவள் தலையசைத்தாள்.

செம்மல் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

வீட்டில் நடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். அவன் காதுபடத்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும், பணத்துக்காகப் புருஷனைப் பைத்தியமாக்குகிறாள் என்பார்கள். அவன் மானத்தை மூடத் தன் கையாலேயே ஒரு திரை தைத்திருக்கிறாள். வேறு யாரும் வந்து அதை விலக்கப் போவதில்லை. பேனாவைத் திருப்பித் தள்ளினாள். எழுந்தாள்.

"ஐயா, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன். இவரு இங்கயே இருக்கட்டும்."

"எங்கம்மா போறீங்க?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"டீ குடிக்க சார். ஆளே தேவையில்லன்னீங்களே. பாத்துக்குங்க."

கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டது. சிரித்தார்கள். மறுபடி கேட்டது. ஒருவர் மட்டும் சிரித்தார். மறுபடியும் கேட்டபோது சிரிப்பே இல்லை. பிறகு நாற்காலி இழுபட்டது.

"ஜோ எங்க?"

"வந்துருவாங்க, உக்காருங்க."

"ஜோ எங்க? ஜோ!"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். டம்ளர் உருண்டது, காகிதங்கள் சரிந்தன. கால்கள் தாமாக நகரப் பார்த்தன. இப்போது ஓடினால் சாகும்வரை தனியாக ஓட வேண்டியதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவனை அம்மணமாக நிறுத்திவிட்டேனே என்றும் இன்னொரு குரல் அவளுக்குள் சொன்னது.  சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. சட்டையெல்லாம் தண்ணீரோடு ஹரிகிருஷ்ணன். அவர் மணிக்கட்டை ஜெஸ்டின் இரண்டு கையாலும் இறுக்கியிருந்தான்.

"அம்மா, வாங்கம்மா! புடிங்க இவர!"

அவள் கணவனின் பிடரியில் உள்ளங்கையை வைத்தாள். மெல்ல மெல்ல மூச்சு தணிந்தது. வக்கீலின் கையை விடுவிக்க மட்டும் அவள் அவசரப்படவில்லை.

"டீக்கடைக்கே இன்னும் போவல சார். அதுக்குள்ள கூப்டுட்டீங்க."

 அவள் நீதிபதியைப் பார்த்தாள்.

"இதத்தாங்கய்யா கேக்கறேன். நான் செஞ்சாலும் இது வேலைதான். நாளைக்கு நான் விழுந்துட்டா இவரு யாரு கையப் புடிப்பாரு? அதுக்கும் சேத்து எழுதச் சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அதெல்லாம் கம்பெனியக் கேக்காம ஒத்துக்க முடியாதுங்கய்யா" என்றார் ஹரிகிருஷ்ணன், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே.

"அப்ப இது இங்க முடியாது. ட்ரிபியூனலே விசாரிக்கட்டும்." நீதிபதி கேஸ் கட்டை மூடினார். செம்மலிடம், "இவர மெடிக்கல் போர்டு பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி அங்க மனு போடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் செம்மல் பெருமூச்சு விட்டார். "வருஷக்கணக்கா அலையணும், மேடம்."

"அலையறேன். இவரயும் கூட்டிக்கிட்டுதான் வருவேன். எல்லா வாய்தாவுக்கும்."

வாசலில் அவர்கள் தெரு அம்மாவாசை ஆட்டோவோடு காத்திருந்தார். "என்னா ஜெஸ்டினு, எப்படிப்பா இருக்கற?"

ஜெஸ்டின் வாயைத் திறந்தவன், அனுமதி கேட்பதுபோல அவளைப் பார்த்தான். இந்த முறை அவள் தலையசைக்கவில்லை.

"நான் சொல்லிக்குடுத்தது வேணாங்க. உங்களுக்கு எப்படி இருக்குதோ அதச் சொல்லுங்க."

அவன் வெகுநேரம் சொல்லைத் தேடினான். அம்மாவாசை என்ஜினை அணைத்தார்.

"தல உள்ள ஏ.சி. ஓடுதுண்ணே" என்றான் ஜெஸ்டின். "சத்தமா ஓடுது. சுவிட்சு எங்கன்னு தெரியல."

அம்மாவாசையின் முகத்தில் அந்த 'ஐயோ பாவம்' வந்து உட்கார்ந்தது. ஜோவிதா அதை நேராகப் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"இதத்தான் கோர்ட்டுலயும் சொல்லணும். இப்படியே சொல்லுங்க."