மூன்று நாற்காலிகள்

கடலின் ஏற்றத்தால் நிறைந்து, தன் சேற்றுக் கரைகளை மறைத்துக்கொண்டு, கார்ன்வால் நிலத்துப் பசுஞ்சரிவுகளினூடே தாமர் ஆறு வளைந்து செல்லும் இளவேனிற் பிற்பகல் அது. மழை சற்றுமுன்தான் ஓய்ந்திருந்தது. ஆப்பிள் மரங்கள் வெண்மையும் செம்மையும் விரவிய தம் பூக்களினின்று துளிகளை உதிர்த்தவண்ணம் நின்றன. சரிவின் உச்சியில், பாசி படர்ந்த கருங்கல் மதில்களோடு, மூப்பெய்தியும் முதுகு வளையாத பெருமகனைப்போல் நிமிர்ந்திருந்தது திரெவன்னா நெடுமனை.

உடையவர் மறைந்தபின் ஊரார் காத்துவந்த அம்மனையை ஞாயிறுதோறும் பலர் கண்டு செல்வர். அன்று வந்தோருள் ஒருத்தி, அம்மனைத் தலைவரின் ஒரே மகளாகிய தாம்சின். ஆற்றில் ஓடம் செலுத்துவோன் மகன் ஜோரியை விரும்பி மணந்த நாளில், "இனி இவ்வாயிலை மிதியாதே" என்று தந்தை சொன்ன ஒரு சொல்லுக்காக, அச்சத்தாலன்று, அவருடைய செருக்கே தன் குருதியிலும் ஓடியமையால், நாற்பது ஆண்டுகள் எதிர்க்கரையில் வாழ்ந்தவள். மாலைதோறும் ஆற்றுக்கப்பால் அம்மனையின் புகைபோக்கிகளை நோக்கி நின்றவள்; தந்தை மறைந்த செய்தி கேட்டும் ஆற்றைக் கடவாதவள். இப்போது கண்ணொளி நாளுக்குநாள் மங்கிவர, அது முற்றும் அவியுமுன் பிறந்த மனையைக் கண்டுவிட வேண்டும் என்னும் ஏக்கமே அவள் செருக்கை வென்றது.

"முன்வாசல் வழியாவே போறோம், பாத்தியா? உங்கப்பா இருந்திருந்தா நாயை அவுத்து விட்டிருப்பாரு," என்றான் ஜோரி.

"இங்கயுமா ஜோரி? கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாயேன்."

மழையில் நனைந்த வேலிச்செடிகளின் கைப்பு மணத்தை நுகர்ந்தும், மீன்குளத்தின் கற்படியைத் தடவியும், நினைவு காட்டிய வழியிலேயே நடந்து, தோட்டத்தின் கோடியிலிருந்த சிறுகோயிலை அடைந்தாள் அவள். ஜோரியோ வாயிற்படிக்கு வெளியே நின்றுவிட்டான்.

"நீ போய்ட்டு வா. கெழவர் போட்ட தடை எனக்குந்தானே."

உள்ளே, தலைவரின் இறுதிக் காலத்தில் மனைப்பணி செய்தவரும் இன்று வருவோர்க்கு வழிகாட்டுபவருமான கிட்டோ அம்மையார் நின்றிருந்தார். பலிபீடத்தின் முன்னே மூன்று நாற்காலிகள் கயிறு கட்டித் தடுக்கப்பட்டிருந்தன. வந்தவள் யாரென்றறியாமல் அவர் சொல்லலானார்.

"பெரியவரு சாயங்காலமானா இங்கதான் உக்காருவாரு, கண்ணு. பனி கொட்டினாலும் கதவைச் சாத்த விடமாட்டாரு. 'குளிரு எலும்பைத் திங்குதுய்யா'ன்னா, 'உன் எலும்பையா திங்குது, போடி'ம்பாரு."

"மூணு நாற்காலி எதுக்கு?" தாம்சினின் குரல் தாழ்ந்திருந்தது.

"நடுவுல அவருக்கு. இது ஓடிப்போன பொண்ணுக்கு. அது செத்துப்போன வீட்டம்மாவுக்குன்னு நெனச்சு ஒருநாள் சொல்லிட்டேன். சுள்ளுன்னு கோவம் வந்திருச்சு. 'அவளைக் கடவுள் உக்கார வச்சிருப்பாரு. இது அந்த ஓடக்காரப் பயலுக்கு. அவனை நிக்க வச்சுட்டு எம்பொண்ணு உக்காருவாளாடி?'ன்னாரு."

"ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கலாமே!"

"நானும் கேட்டேனே. 'அவளா வரட்டும்'னாரு. அந்த வீம்புக்கு என்ன மருந்து?"

தாம்சின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே, அன்று முழுதும் ஏளனமே பேசிவந்த ஜோரி, கேட்ட சொற்கள் நெஞ்சில் இறங்க, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்தவனாய்ப் படியைக் கடந்து உள்ளே வந்தான். துடுப்புப் பிடித்துக் காய்த்த அவன் கைகளையும், மனைவியின் நனைந்த முகத்தையும் மாறிமாறி நோக்கிய அம்மையார், கயிற்றை அவிழ்த்தார்.

"உக்காரக்கூடாதுன்னு எழுதியிருக்கே," என்றான் ஜோரி.

"எழுதினதே நாந்தான். உக்காருங்க ரெண்டு பேரும்."

அமர்ந்தனர் இருவரும். நடுவிலிருந்த இருக்கையின் கைப்பிடிகள்மேல் இருபுறமிருந்தும் இரு கைகள் வந்து தங்கின. அழைப்பை எதிர்நோக்கி ஒருத்தியும் வரவை எதிர்நோக்கி ஒருவரும் இருகரையிலும் முதுமையுற, அவர்களுக்கிடையே ஓராறுதான் ஓடியது. அதுவும் ஒரு பாட்டுப் பாடி முடிக்குமுன் ஓடத்தில் கடக்கக்கூடிய ஆறு.