மெங் நிமிரவில்லை

மெங் பந்து போட வந்தால் எங்கள் ரசிகர்கள் மிச்சமிருக்கும் கோழி வறுவலைப் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். எதிரணிக்காரன். ஆட்டத்தின் கடைசியில் வருவான், முடித்துவிட்டுப் போவான். இரண்டு மாதமாக அவன் பந்தை ஒருவர் மட்டையும் உரசியதில்லை. அவனுக்கு வயது இருபத்திரண்டு, எனக்கு முப்பத்தேழு.

அந்த ஞாயிறு மதியம் கொரியாவின் சாங்வோனில் பேஸ்பால் ஆட்டத்தின் கடைசிச் சுற்று. இரண்டு அணியும் சமம். மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் நிற்கிறான்; நான் முதல் பேஸைத் தொட்டுவிட்டால் அவன் ஓடிவந்து எடுக்கும் புள்ளியில் வெற்றி. கோச் ஓக் என் தோளைப் பிடித்தார்.

“எப்படியாவது முதல் பேஸ் போய்ச் சேரு. இல்லேன்னா நாளைக்கே ரெண்டாம் டீமுக்குக் கெளம்பு.”

என் வயதில் இரண்டாம் டீமுக்குப் போனவன் திரும்பி வருவதில்லை. கோழிக்கடைதான் வைப்பான்.

முதல் பந்தின் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் குந்தியிருந்த கேட்சரிடம் கேட்டேன், “போட்டுட்டானா?”

“போட்டாச்சுண்ணே. என் கையே வீங்கிப் போச்சு.”

இரண்டாவதையாவது பார்த்துவிட வேண்டுமென்று கண்ணை அகல விரித்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து இமை கொட்டியது.

மூன்றாவது நேராக என் முகத்துக்கே வந்தது. பயத்தில் மட்டையைச் சுழற்றி, “அம்மா!” என்று அலறி விழுந்தேன். பந்து பாதி வழியில் மனம் மாறித் தரையில் குத்தி, கேட்சரின் காலிடுக்கில் புகுந்து ஓடியது. என்மேல் படவேயில்லை. மூன்று பந்தையும் தவறவிட்டதால் நான் அவுட்தான், ஆனால் கேட்சர் பந்தைப் பிடிக்கவில்லையென்றால் முதல் பேஸுக்கு ஓடிப் பார்க்கலாம்.

என்னை அடித்துவிட்டதாகவே மெங் நினைத்தான். நாங்கள் ஒரே பள்ளிக்கூடம். மூத்தவன்மேல் பந்து பட்டால் தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டும். மூத்தவன் ‘போதும்’ என்று சொல்லும்வரை நிமிரக் கூடாது. இடுப்பு ஒடியக் குனிந்தான்.

“பந்து எங்கடா? கையக் காட்டுடா!” மெங்கைக் கேட்டபடி கேட்சர் பம்பரமாகச் சுற்றினான். மெங் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ‘போதும்’ என்று சொன்னால் நிமிர்ந்துவிடுவான். இத்தனை வருடத்தில் எந்தத் தம்பியையும் நான் அப்படி நிற்க விட்டதில்லை. அவன் பக்கமே திரும்பாமல் எழுந்து ஓடினேன். முதல் பேஸை மிதித்தபோது எங்கள் ஆளும் ஓடிவந்து புள்ளி எடுத்திருந்தான். ஜெயித்துவிட்டோம்.

“நாளைக்கும் நீதான்டா!” என்று கோச் ஓக் கத்தினார். என் தலையில் தண்ணீர் கொட்டினார்கள். மெங் இன்னும் குனிந்தே நின்றான். போய் முதுகில் தட்டினேன்.

“போதும், நிமிருடா.”

கண் கலங்கியிருந்தது. “மன்னிச்சிடுங்கண்ணே. எங்க பட்டுச்சு?”

படவில்லை என்று சொன்னால் அவன் எதற்காகத் தோற்றான் என்று தெரிந்துவிடும். நான் எப்படி ஜெயித்தேன் என்பதும்.

“இடுப்புல,” என்றேன். “விடு, உயிர் போகல.”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தான். “நாளைக்கு உங்களுக்கு மட்டும் மெதுவாப் போடுறேண்ணே.”

அவமானமாக இருந்தது. ஆனாலும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை.