கொரோனா வந்ததற்கு ஒரு காகிதம்

பெத்தணன் மதுரை ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டிக் கிடந்தான். அவன் மனைவி இருளம்மாளுக்கு டாக்டர் போன் செய்தார்.

"கொரோனா வந்து குணமான ஆம்பளை ஒருத்தர் வேணும். ஓ பாசிட்டிவ். அவர் ரத்தத்துல நோயை எதிர்க்கிற சக்தி இருக்கும். பிளாஸ்மாவைப் பிரிச்சு இவருக்கு ஏத்திப் பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது. ஆனா சீக்கிரம்."

அவர்கள் ஊரான நாரணாபுரத்தில் ரத்தத்துக்கா பஞ்சம்? பட்டாசுக் கம்பெனி எங்கே வெடித்தாலும் உடனே கையை நீட்டிப் படுக்க ஆள் வரும் ஊர். யாருக்கு என்ன குரூப் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆடியில் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்து போனதே, அதில் ஓ பாசிட்டிவ் மட்டும் ஐந்து பேர்.

நான்கு பேர் கையை விரித்தார்கள். கொரோனா என்று தெரிந்தால் வீட்டை மறித்துத் தகரம் அடிப்பார்கள், தீபாவளி சீசனில் கம்பெனிக்குள் விடமாட்டார்கள். அதனால் கஷாயத்தைக் குடித்துவிட்டு டைபாய்டு என்று சாதித்தவர்கள் அவர்கள். டெஸ்ட் எடுத்த காகிதம் இல்லாதவரிடம் பிளாஸ்மா எடுக்க மாட்டார்களாம்.

காகிதம் இருந்தது எதிர்வீட்டு ஒச்சப்பனிடம் மட்டும்தான். அப்போது யாரோ சுகாதார ஆபீசுக்குப் போன் போட, ஆட்கள் வந்து டெஸ்ட் எடுத்து அவன் வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். மூன்று வாரம் அவனுக்கும் மனைவி ரோஜாவுக்கும் வேலை இல்லை. அந்த யாரோ இருளம்மாள்தான். தன் மகளுக்கு மூச்சு இளைப்பு, தொற்றிவிடுமே என்ற பயம். பயமோ என்னவோ, செய்தது செய்ததுதான்.

இப்போது எந்த முகத்தோடு அந்த வாசலுக்குப் போவாள்? போனாள், பாவம். முகக்கவசத்தோடு தெருவிலேயே தள்ளி நின்று சொன்னாள். டெஸ்டில் அவளுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் அன்று அவளைக் கண்டாலே தெரு ஒதுங்கியது.

"வண்டி வந்துருச்சா மதினி?" ஒச்சப்பன் அதற்குள் சட்டையை மாட்டியிருந்தான்.

வாயை மூடிக்கொண்டு கூட்டிப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை. "ரோஜா, அன்னைக்குப் போன் போட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா. வந்தவுக ஒங்க பேரச் சொல்லித்தான் வீட்டக் கேட்டாக. ஒங்கள நான் திட்டாத நாளு கெடையாது." மத்தாப்புப் பெட்டிக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தாள் ரோஜா. "நீங்க போன் போடலன்னா எங்களுக்கும் டைபாய்டுதான். இந்தப் பேப்பர் ஏது? ஏறுங்க, நானும் வாரேன்."

பெத்தணன் பிழைத்து வீடு வந்ததும், அது பிளாஸ்மாவால்தானா என்று டாக்டரே அடித்துச் சொல்லாததும் பிற்பாடு. இருளம்மாளுக்கு இன்றும் மறக்காதது அன்று மதுரைக்குப் போன அந்த வேன்தான். யார்மீதும் பட்டுவிடாமல் அவள் கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ரோஜா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்களுக்குத்தான் வந்து போயிருச்சேக்கா. பக்கத்துல ஒக்காருங்க."